ரஸ்ட்லேர்ந்து பைத்தானுக்கு வர்ற ஸ்ட்ரிங்கை யார் ஃப்ரீ பண்ணணும்? ராம் ஏறிக்கிட்டே போகுது

சுக்குக்காப்பி · திங்கள், இரவு 10:42

ரெண்டு வாரமா மண்டை காயுது. யாராவது கை கொடுங்க.

தமிழ் வாக்கியத்தை வாங்கி, சந்தி பிரிச்சு, சொல்லுக்குச் சொல் நடுவுல ஒரு கோடு போட்டுத் திருப்பித் தர்ற சின்ன லைப்ரரி ஒண்ணை ரஸ்ட்ல எழுதியிருக்கேன். பைத்தான்லேர்ந்து சிடைப்ஸ் (சி ஃபங்ஷனைப் பைத்தான்லேர்ந்து கூப்பிட உதவற மாட்யூல்) வழியா கூப்பிடுறேன். விடை சரியாத்தான் வருது. பத்தாயிரம் வரி ஓட்டினா ஒண்ணும் தெரியாது. முழுக் கோப்பையும், அதாவது ஒரு கோடி வரிக்குக் கொஞ்சம் மேல, ஓட்டினா ராம் நிக்காம ஏறுது. 4 ஜிபி மெஷின். கடைசியில லினக்ஸே ப்ராசஸைக் கொன்னுட்டு "கில்டு"-னு ஒரு வார்த்தை மட்டும் எழுதிட்டுப் போயிடுது.

நிரலை இங்கே ஒட்டாம வாயாலயே சொல்றேன், சின்னதுதான். ரஸ்ட் ஃபங்ஷன் ஒரு சி ஸ்ட்ரிங் பாயின்டரை (மெமரி விலாசத்தை) வாங்கும். வேலை முடிஞ்சதும் விடையை சிஸ்ட்ரிங்கா மாத்தி, இன்டூ_ரா போட்டு, பாயின்டரைத் திருப்பித் தரும். பைத்தான்ல ரெஸ்டைப்பை (திரும்ப வர்ற விடையோட வகை) சி_சார்_பி-னு வச்சிருக்கேன். வர்ற பைட்ஸை டீகோட் பண்ணி எழுதுறேன். அவ்ளோதான்.

முதல்ல இன்டூ_ராவுக்குப் பதிலா ஆஸ்_பிடிஆர் போட்டிருந்தேன். அப்போ ராம் ஏறல. ஆனா நாலு வரிக்கு ஒரு வரி குப்பையா வந்துச்சு. இணையத்துல யாரோ சொன்னாங்கன்னு இன்டூ_ராவுக்கு மாறினேன். குப்பை நின்னுச்சு, இது ஆரம்பிச்சுது.

ஜிசி கலெக்ட்டை (பைத்தானோட குப்பை அள்ளற வேலை) ஆயிரம் வரிக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பாத்தேன், பிரயோஜனம் இல்ல. ட்ரேஸ்மாலாக் (பைத்தானோட மெமரிக் கணக்குக் கருவி) போட்டா பைத்தான் பக்கம் 20 எம்பிக்கு மேல போகவே இல்லைங்குது. அப்போ அந்த 3 ஜிபி யாரோடது?

---

நண்டுப்பிடி · திங்கள், இரவு 11:15

உங்களோடதுதான். நீங்கதான் ரஸ்ட்கிட்ட "மறந்துடு"-னு சொல்லியிருக்கீங்க.

ஆஸ்_பிடிஆர் போட்டப்ப என்ன நடந்துச்சுன்னா, அந்த சிஸ்ட்ரிங் ஃபங்ஷன் முடியற இடத்துலயே செத்துப்போச்சு. நீங்க வெளியே அனுப்பினது செத்த வீட்டு விலாசம். போய்ப் பாக்கற நேரத்துல வேற யாரும் குடி வரலைன்னா பழைய சாமான் அப்படியே கிடக்கும், "சரியா வருது"-னு தோணும். வந்திருந்தா குப்பை. நாலுக்கு ஒண்ணுன்னு நீங்க சொன்னது அதுதான்.

இன்டூ_ரா அதுக்கு நேர்மாறு. "இந்த மெமரி இனிமே என் பொறுப்பு இல்ல, வாங்கறவன் பாத்துப்பான்"-னு ரஸ்ட் கையைக் கழுவிடும். வாங்கற பைத்தானுக்கோ அப்படி ஒரு பொறுப்பு வந்ததே தெரியாது. ட்ரேஸ்மாலாக்கும் பைத்தானோட சொந்த அலொகேட்டரை (மெமரி எடுத்துக் கொடுக்கற பகுதி) மட்டும்தான் வேவு பாக்கும், ரஸ்ட் பக்கம் எட்டிப் பாக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்க. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் யூ.டி.எஃப்-8ல 3 பைட். ஒரு வரிக்கு நூறு குறின்னா 300 பைட். கோடி வரிக்கு 3 ஜிபி. உங்க 3 ஜிபி கிடைச்சாச்சா?

ரஸ்ட் பக்கம் இன்னொரு ஃபங்ஷன் எழுதுங்க. பாயின்டரை வாங்கி சிஸ்ட்ரிங் ஃப்ரம்_ரா போட்டு, அப்படியே விழ விட்டுடணும். பைத்தான்லேர்ந்து ஒவ்வொரு வரிக்கும் அதைக் கூப்பிடுங்க. பெயர் "விடுவி"-னு வச்சுக்கலாம்.

---

வெள்ளாட்டுக்குட்டி · திங்கள், இரவு 11:31

ரஸ்ட்டையும் பைத்தானையும் நேரா இணைக்க பைஓ3-ன்னு ஒண்ணு இருக்கே, அதைப் போட்டா இந்தத் தலைவலியே இல்லையே?

---

சுக்குக்காப்பி · திங்கள், இரவு 11:38

இருக்கு. ஆனா இதே லைப்ரரியை ஆண்ட்ராய்டுலயும் விண்டோஸ்ல ஒரு சி ஷார்ப் செயலியிலயும் வைக்கணும். அதனாலதான் நடுவுல சி முகம் ஒண்ணு வச்சேன்.

நண்டுப்பிடி அண்ணே, அந்தக் கணக்கைப் பாத்ததும் வாயடைச்சுப்போச்சு. காலையில செஞ்சு பாத்துட்டு எழுதுறேன்.

---

சுக்குக்காப்பி · செவ்வாய், காலை 7:20

செஞ்சேன். முதல் வரியிலேயே செக்மென்டேஷன் ஃபால்ட். முன்னாடியாவது கோடி வரி ஓடுச்சு.

பைத்தான் பக்கம்: விடை வந்ததும் டீகோட், அப்புறம் அதே விடையை "விடுவி"க்குக் கொடுக்கறேன். இதுல என்ன தப்பு?

---

பழைய_டர்மினல் · செவ்வாய், காலை 8:05

தம்பி, "அதே விடை" என்று நீங்கள் நினைப்பது அதே விடை அல்ல. சிடைப்ஸில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி இது; நானும் விழுந்தவன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரெஸ்டைப்பை சி_சார்_பி என்று வைத்தால், சிடைப்ஸ் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யும். வந்த பாயின்டரைப் பின்தொடர்ந்து போய், சுழி பைட் (சி ஸ்ட்ரிங்கின் முடிவுக் குறி) வரைக்கும் படித்து, அத்தனையையும் நகலெடுத்து, ஒரு புதிய பைத்தான் பைட்ஸ் பொருளாக உங்கள் கையில் தரும். அசல் பாயின்டரை அதோடு தூக்கிப் போட்டுவிடும். அதாவது ரஸ்ட் கொடுத்த விலாசம் உங்கள் கைக்கு வந்து சேரவே இல்லை. "விடுவி" இல்லாதபோது கசிந்ததும் இதனால்தான்: விடுவிக்க நினைத்தாலும் விடுவிக்க ஒன்றும் கையில் இருந்திருக்காது.

இப்போது அந்த பைட்ஸை "விடுவி"க்குக் கொடுத்தீர்கள். சிடைப்ஸ் மறுபடியும் உதவிக்கு வந்து, அந்த பைத்தான் பொருளின் வயிற்றுக்குள் இருக்கிற பைட்களின் விலாசத்தை ரஸ்ட்டிடம் நீட்டியது. ரஸ்ட் அதைத் தன்னுடையது என்று நம்பி விடுவித்தது. பைத்தானுடைய மெமரியை, அதுவும் ஒரு பொருளின் நடுவயிற்றில் பிடித்து. விழாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது:

ரெஸ்டைப்பை சி_வாய்ட்_பி என்று மாற்றுங்கள். இப்போது கைக்கு வருவது வெறும் எண், அதுதான் விலாசம். சிடைப்ஸில் இருக்கிற ஸ்ட்ரிங்_அட் ஃபங்ஷனிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் பைட்ஸ் நகல் கிடைக்கும். நகல் கிடைத்தபின் அந்த எண்ணை "விடுவி"க்குக் கொடுங்கள். நடுவில் டீகோட் தவறினாலும் விடுவித்தல் நடக்கும்படி ட்ரை-ஃபைனலியில் வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். "விடுவி"யின் ஆர்க்டைப்ஸையும் (உள்ளே போகிற மதிப்புகளின் வகை) சி_வாய்ட்_பி என்று கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் சிடைப்ஸ் பைத்தான் எண்ணை சியின் சாதாரண இன்ட் (32 பிட் எண்) என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் விலாசத்தில் மேல் பாதி போய்விடும். லினக்ஸில் சத்தமே இல்லாமல் வெட்டும். பிறகு ரஸ்ட் எங்கோ ஊர் பேர் தெரியாத இடத்தை விடுவிக்கப் போகும்.

---

மழைக்காலம் · செவ்வாய், காலை 9:47

இவ்ளோ எதுக்கு? சி_வாய்ட்_பி வாங்கினதும் லிப்சியோட (சியோட அடிப்படை லைப்ரரி) ஃப்ரீயைக் கூப்பிட்டாப் போதும். ரஸ்ட் பக்கம் தனி ஃபங்ஷனே வேண்டாம். மூணு வருஷமா என் சர்வர்ல இப்படித்தான் ஓடுது. ஒரு தடவை கூட விழுந்ததில்ல.

---

நண்டுப்பிடி · செவ்வாய், காலை 10:10

ஐயோ வேண்டாம்.

> மூணு வருஷமா என் சர்வர்ல இப்படித்தான் ஓடுது

ஓடும். ஏன் ஓடுதுன்னு தெரிஞ்சா தூக்கம் வராது. ரஸ்ட் ஆரம்பத்துல செயலிகளுக்கு ஜெமாலாக்குங்கற தனி அலொகேட்டரை இயல்பா வச்சிருந்துச்சு. 2019 ஜனவரியில வந்த 1.32 பதிப்புலதான் அதை எடுத்துட்டு சிஸ்டம் அலொகேட்டருக்கு மாறினாங்க. லினக்ஸ்ல சிஸ்டம் அலொகேட்டர்னா, சியோட ஃப்ரீக்கு ஜோடியான அதே மாலாக்தான். அதனால உங்க ஃப்ரீ போய்த் தட்டற கதவு தற்செயலா சரியான வீட்டுக் கதவா இருக்கு. அப்படியே இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கல. இன்டூ_ரா ஆவணத்துல நேராவே இருக்கு: இதை சியோட ஃப்ரீயால விடுவிக்கக் கூடாது, ஃப்ரம்_ராவாலதான் திருப்பி வாங்கணும்னு.

---

தறிக்காரன் · செவ்வாய், காலை 10:52

கல்யாணத்துக்கு ரெண்டு கடையில பாத்திரம் வாடகைக்கு எடுத்தா தெரியும். ஒவ்வொரு அண்டாவிலயும் கடைப் பேர் வெட்டியிருக்கும். இந்தக் கடை அண்டாவை அந்தக் கடையில கொண்டுபோய் இறக்கினா, கடைக்காரர் தன் நோட்டுல தேடுவார், கிடைக்காது, சண்டை வரும். அலொகேட்டரும் அப்படித்தான். தான் கொடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் அளவு, இடம்னு தனக்குத் தெரிஞ்ச முறையில குறிப்பு வச்சிருக்கும். ஜிலிப்சி (லினக்ஸ்ல வழக்கமா இருக்கற லிப்சி) அந்தக் குறிப்பைத் துண்டுக்கு முன்னாடியே எழுதி வைக்கும். வேற அலொகேட்டர் வேற எங்கேயாவது வைக்கும். ஃப்ரீ அந்தக் குறிப்பைத் தேடிப் படிக்கும். வேற கடைப் பாத்திரம்னா அங்க என்ன எழுதியிருக்கும்னு யாருக்குத் தெரியும்.

விண்டோஸ்ல இது இன்னும் மோசம். ஒரே ப்ராசஸ்குள்ள ரெண்டு மூணு சி ரன்டைம் இருக்கலாம். சி-க்கு சி கொடுத்தாலே தப்பாப் போகும். ஒரு டிஎல்எல்ல (விண்டோஸ் லைப்ரரிக் கோப்பு) மாலாக் பண்ணி இன்னொரு டிஎல்எல்ல ஃப்ரீ பண்ணாதீங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே தனியா எச்சரிக்கைப் பக்கம் வச்சிருக்கு.

---

மழைக்காலம் · செவ்வாய், காலை 11:03

நான் லினக்ஸ்ல மட்டும்தான் ஓட்டுறேன். ஒரே கடைதான். நோட்டும் ஒண்ணுதான். :)

---

சுக்குக்காப்பி · செவ்வாய், மாலை 6:30

எல்லாருக்கும் நன்றி. பழைய_டர்மினல் ஐயா சொன்னபடி சி_வாய்ட்_பிக்கு மாறிட்டேன். உண்மையைச் சொல்லிடறேன்: அவசரத்துக்கு மழைக்காலம் சொன்ன ஃப்ரீயைத்தான் போட்டேன், ஒரே வரி வேலைங்கறதால. கோப்பு முழுக்க ஓடிடுச்சு. ராம் 70 எம்பியிலயே நிக்குது. இப்போதைக்கு இது போதும்னு நினைக்கிறேன்.

---

நண்டுப்பிடி · செவ்வாய், மாலை 6:34

சொல்றதைச் சொல்லிட்டேன்.

---

பனங்கொட்டை · புதன், அதிகாலை 1:15

எனக்கு விடுவிக்கிற பிரச்சினையே இல்லை, ஏனெண்டால் நான் மற்றப் பக்கத்தால போறனான். கூப்பிடுகிறவரே இடம் எடுத்துக் குடுக்கிறது. பைத்தானில் கிரியேட்_ஸ்ட்ரிங்_பஃபர் ஒண்டு செய்து, பாயின்டரையும் அளவையும் ரஸ்ட்டுக்குக் குடுத்தால், அது அதுக்குள்ள எழுதிப்போட்டுப் போகும். இடம் பைத்தானின்ர, விடுவிக்கிறதும் பைத்தான். கைமாற்றம் ஒண்டும் இல்லை.

ஆனால் நான் பட்ட பாட்டையும் சொல்லோணும். 256 பைட் பஃபர் வைச்சிருந்தனான். நீட்டுச் சொல் ஒண்டைக் குடுத்துச் சோதிச்சன், வடிவாய் வந்தது. நீளத்துக்கு வெட்டுப்பட்டாலும் பிழை ஒண்டும் இல்லை. உண்மையான வசனத்தைக் குடுத்தவுடனே யூனிகோட் டீகோட் எரர். இரண்டு நாள் விளங்கேல்லை. பிறகுதான் கண்டன்: 256இல் சுழி பைட்டுக்கு ஒண்டு போக 255. அது மூண்டால் சரியாய்ப் பிரியும், 85 தமிழ்க் குறி. அதால தனிச் சொல் எப்பவும் குறியின்ர எல்லையிலதான் வெட்டுப்படும். நடுவில் ஒரு இடைவெளி வந்தால் ஒரு பைட் தள்ளிப்போய், கடைசிக் குறியின்ர மூண்டில் இரண்டு பைட்தான் உள்ள வரும். என்ர சோதனையில் இடைவெளியே இருக்கேல்லை!

---

பழைய_டர்மினல் · புதன், காலை 7:50

பனங்கொட்டை சொன்னது அருமையான உதாரணம். 256க்குப் பதில் 260 வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சி உலகத்தில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. எஸ்என்பிரின்ட்எஃப் செய்வது போல: பஃபர் போதாவிட்டாலும், "முழுதாக எழுத இத்தனை பைட் வேண்டும்" என்ற எண்ணைத் திருப்பித் தருவது. கூப்பிடுகிறவர் எண்ணைப் பார்த்து, போதாதென்றால் பெரிய பஃபரோடு மறுபடி கூப்பிடுவார். வேலை இரண்டு முறை நடக்கிறதே என்று தோன்றும். ஆனால் 4096 பைட்டில் ஒரு பஃபரை ஆரம்பத்திலேயே எடுத்து அதையே கோடி வரிக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், இரண்டாவது அழைப்பு எப்போதாவதுதான் வரும். கோடி முறை எடுத்து கோடி முறை விடுவிப்பதைவிட இது எனக்குப் பிடித்த முறை.

தேவையான அளவைக் கூப்பிடுகிறவர் தானாக ஊகிக்க மட்டும் முயல வேண்டாம். தமிழில் நீளம் என்பதே ஒரு தகராறு. "தமிழ்" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தானைக் கேட்டால் 5. யூ.டி.எஃப்-8இல் 15 பைட், யூ.டி.எஃப்-16இல் 10 பைட். அதோடு "கொ" என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடின்படி இரண்டும் சமம். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். லைப்ரரி உள்ளுக்குள் ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் வெளியே வரும் நீளம் உள்ளே போன நீளத்தோடு ஒட்டாது. "உள்ளே போனதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்வோம்" என்று எழுதிய நிரல்களை என் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

கோலிசோடா · புதன், காலை 9:12

கோ மொழிக்காரன் (கோவில்காரன் இல்ல) குறுக்கே ஒரு வார்த்தை. எங்க ஊர்லயும் இதே கதை. சி.சிஸ்ட்ரிங் போட்டா அது மாலாக்ல எடுக்கும், கோவோட குப்பை அள்ளற வண்டி அந்தத் தெருவுக்கே போகாது. அடுத்த வரியிலயே டிஃபர் (ஃபங்ஷன் முடியறப்ப ஓடுன்னு சொல்றது) போட்டு சி.ஃப்ரீ எழுதலைன்னா கசிவுதான். திரும்ப வர்றதுக்கு சி.கோஸ்ட்ரிங், அது நகல்.

---

சுக்குக்காப்பி · வியாழன், மதியம் 2:26

நண்டுப்பிடி அண்ணே, சிரிக்காம படிங்க.

கூட வேலை பாக்கற நண்பர் நேத்து சாயங்காலம் "வேகம் போதல"-ன்னு ரஸ்ட் பக்கம் குளோபல் அலொகேட்டரா மைமாலாக்குங்கற வேற ஒண்ணை வச்சுட்டார். ரெண்டே வரி மாத்தம். என்கிட்ட சொல்லவும் இல்ல, சொல்ல வேண்டிய விஷயம்னு அவருக்குத் தோணவும் இல்ல. இன்னிக்கு ஓட்டினா முதல் வரியிலேயே "ஃப்ரீ(): இன்வேலிட் பாயின்டர்". அப்புறம் அபார்ட்.

ஒரு மணி நேரம் பைத்தான் நிரலைத் தடவிக்கிட்டிருந்தேன். அதுல ஒரு எழுத்தும் மாறல. அப்புறம்தான் அண்டா ஞாபகம் வந்துச்சு.

லிப்சி ஃப்ரீயைத் தூக்கிட்டு "விடுவி"யைத் திரும்ப வச்சேன். மறுபடி விழுந்துச்சு! ஆர்க்டைப்ஸை முதல் ஃபங்ஷனுக்கும் லிப்சி ஃப்ரீக்கும் மட்டும் எழுதியிருக்கேன், "விடுவி"க்கு எழுதல. அதையும் எழுதினப்புறம் இப்போ ஓடுது. இனிமே மைமாலாக் வந்தாலும் ஜெமாலாக் வந்தாலும் பைத்தான் பக்கம் கை வைக்க வேண்டாம்.

---

மழைக்காலம் · வியாழன், மதியம் 3:05

சரி சரி. என் சர்வர்லயும் இந்த வாரக் கடைசியில மாத்திடறேன். இனிமே மூணு வருஷக் கதை சொல்லல.

---

நண்டுப்பிடி · வியாழன், இரவு 9:40

சிரிக்கல. (கொஞ்சம் சிரிச்சேன்.)

"விடுவி" பத்தி இன்னும் சில விஷயம் சொல்லிடறேன், பின்னாடி வர்றவங்களுக்கும் ஆகும்.

ஃப்ரம்_ரா நீளத்தை எங்கேயும் குறிச்சு வச்சிருக்காது. சுழி பைட் வரைக்கும் திரும்ப எண்ணித்தான் எவ்வளவு விடுவிக்கணும்னு கண்டுபிடிக்கும். அதனால வெளியே போன பாயின்டர்ல நடுவுல யாராவது சுழி எழுதிட்டா, திரும்ப வர்றப்ப அளவு தப்பாயிடும். பைத்தான்ல இது அபூர்வம். சி பக்கம் யாராவது ஸ்ட்ர்டாக் போட்டாங்கன்னா, அது ஒவ்வொரு சொல் முடிவுலயும் சுழி வச்சு வெட்டும். அதனால கொடுக்கறப்பவே "படிக்க மட்டும்"-னு எழுதி வைங்க.

உள்ளே சுழி பைட் இருக்கற ஸ்ட்ரிங்கை சிஸ்ட்ரிங்கா மாத்தவே முடியாது, எரர் வரும். அங்க அன்ராப் (எரர் வராதுன்னு நம்பி விடையை எடுக்கறது) போட்டிருந்தீங்கன்னா பேனிக், அதாவது ரஸ்ட் பாதியிலேயே நின்னுடும். ரஸ்ட் 1.81லேர்ந்து எக்ஸ்டெர்ன் சி ஃபங்ஷனைத் (சி பக்கத்துக்குத் திறந்து வச்ச ஃபங்ஷன்) தாண்டி பேனிக் வெளியே வந்தா ப்ராசஸையே அபார்ட் பண்ணிடும், பைத்தான் எக்செப்ஷனாகூட வராது. அதனால எரர் வந்தா நல் பாயின்டர் திருப்புங்க, பைத்தான்ல வந்தது நன் (வெறுமை)-ஆன்னு பாருங்க.

அப்புறம் உள்ளே போற ஸ்ட்ரிங். அது கடன். பைத்தானோட பைட்ஸ், அந்த அழைப்பு முடியற வரைக்கும்தான் உத்தரவாதம். ரஸ்ட் அதை விடுவிக்கவும் கூடாது, பாயின்டரை எடுத்து வச்சுக்கிட்டு நாளைக்குப் பாக்கலாம்னும் இருக்கக் கூடாது. வேணும்னா நகல் எடுத்துக்கணும்.

---

சுக்குக்காப்பி · வியாழன், இரவு 10:02

அகராதிக் கோப்போட பாதையை ஒரு ஸ்டேடிக்ல பாயின்டராவே வச்சிருக்கேன். இப்போதான் புரியுது, சில நாள் "கோப்பு கிடைக்கல"-னு ஏன் வந்துச்சுன்னு. நகல் எடுத்துட்டேன்.

இதோட சேர்த்து ஒரு சந்தேகம். ஒரு பயனர் அனுப்பின கோப்புல எல்லா வரியும் முதல் சொல்லோட நின்னுடுது. பைட்ஸை அப்படியே அனுப்பற பாதையில மட்டும். இதுவும் சுழி பைட்டா?

---

பழைய_டர்மினல் · வெள்ளி, காலை 6:55

அந்தக் கோப்பு யூ.டி.எஃப்-16இல் சேமிக்கப்பட்டிருக்கும். அதில் தமிழ்க் குறியின் இரண்டு பைட்டில் எதுவும் பெரும்பாலும் சுழியாக இராது. ஆனால் இடைவெளியின் இரண்டாவது பைட் சுழி. சியின் கண்ணுக்கு ஸ்ட்ரிங் அங்கேயே முடிந்தது. அதனால்தான் முதல் சொல் முழுதாகப் போய், இடைவெளியோடு நிற்கிறது. ஆங்கிலக் கோப்பாக இருந்தால் முதல் எழுத்திலேயே நின்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். தமிழ் கொஞ்சம் தூரம் கூட்டிப்போய்விட்டுக் கைவிட்டது.

சுழியை எல்லையாக நம்புவதைவிட, பாயின்டரையும் நீளத்தையும் சேர்த்தே அனுப்புவது எப்போதும் நல்லது.

---

தறிக்காரன் · வெள்ளி, காலை 10:20

சி ஷார்ப் பக்கம் போகப்போறீங்கன்னு சொன்னீங்கல்ல. அங்க ரெண்டு குழி.

ஒண்ணு, டிஎல்எல்இம்போர்ட்ல திரும்ப வர்ற வகையை "ஸ்ட்ரிங்"-னு எழுதினா, டாட்நெட் நகல் எடுத்துக்கிட்டு, நீங்க கேக்காமலே அசல் பாயின்டரைத் தானே விடுவிக்கும். கோடாஸ்க்மெம்ஃப்ரீ வச்சு. மறுபடியும் வேற கடை. சி_சார்_பி கசிய விட்டுச்சுன்னா இது தப்பான கடையில இறக்கிடும். அதனால இன்ட்பிடிஆரா வாங்கி, மார்ஷலோட பிடிஆர்டூஸ்ட்ரிங்யூடிஎஃப்8ல படிச்சு, உங்க "விடுவி"யைக் கூப்பிடுங்க.

ரெண்டாவது, உள்ளே அனுப்பறப்ப ஒண்ணும் சொல்லலைன்னா விண்டோஸ்ல ஆன்சி (யூனிகோட் இல்லாத பழைய எழுத்துமுறை)-னு எடுத்துக்கும். தமிழுக்கு விண்டோஸ்ல ஆன்சி கோட் பேஜே கிடையாது, யூனிகோட் மட்டும்தான். அதனால உங்க வாக்கியம் முழுக்கக் கேள்விக்குறியா ரஸ்ட்டுக்குப் போய்ச் சேரும். எல்பியூடிஎஃப்8ஸ்டர்-னு அந்த அளபுருவுல குறிச்சிடுங்க.

---

ஏட்டுச்சுவடி · சனி, மாலை 4:18

தாமதமாக வருகிறேன். இதே லைப்ரரியை (சுக்குக்காப்பி எனக்கு முன்னோட்டப் பதிப்பு கொடுத்தார்) ஆண்ட்ராய்டில் வைத்துப் பழைய நிலக் கணக்குகளைத் தட்டச்சு செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் சரி. ஆனால் முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகள் வருகிற இடத்தில் மட்டும், ஒரு குறிக்குப் பதிலாக ஆறு கேள்விக்குறி வைரங்கள் வருகின்றன. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஆறு. பைத்தானில் அதே வரி சரியாக வருகிறது.

---

நண்டுப்பிடி · சனி, மாலை 5:02

ஆறுன்னு எண்ணிச் சொன்னதுக்கு நன்றி, அதுலயே விடை இருக்கு.

பின்னக் குறிகள் வழக்கமான தமிழ் தொகுதியில இல்ல. 2019ல வந்த யூனிகோட் 12ல தமிழ் கூடுதல் தொகுதின்னு 51 குறியோட தனியாச் சேத்தாங்க. அது 16 பிட்டுக்குள்ள அடங்காத பகுதி. அசல் யூ.டி.எஃப்-8ல 4 பைட். ஆனா ஜே.என்.ஐயில (ஜாவாவையும் சி பக்கத்தையும் இணைக்கற வழி) கெட்ஸ்ட்ரிங்யூடிஎஃப்சார்ஸ் தர்றது அசல் யூ.டி.எஃப்-8 இல்ல, ஜாவா தனக்குன்னு மாத்தி வச்ச ஒண்ணு. அதுல இந்த மாதிரிக் குறியை ரெண்டு அரைக் குறியா உடைச்சு, ஒவ்வொண்ணையும் 3 பைட்டா எழுதும். மொத்தம் 6. ரஸ்ட்டுக்கு அந்த ஆறும் செல்லாத பைட். லாஸி முறையில (செல்லாததுக்குப் பதிலா வைரம் போடற முறை) மாத்தறதால பைட்டுக்கு ஒரு வைரம். சாதாரண தமிழ் எழுத்துல ரெண்டு முறைக்கும் வித்தியாசமே இல்ல, அதனால யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கு.

ஜாவா பக்கத்துலயே கெட்பைட்ஸ்ல யூ.டி.எஃப்-8 சொல்லி பைட் வரிசையா மாத்தி அனுப்பிடுங்க. திரும்ப வர்றப்பவும் பைட் வரிசையாவே வரட்டும், ஜாவாவுல ஸ்ட்ரிங் ஆக்கிக்கலாம். கெட்ஸ்ட்ரிங்யூடிஎஃப்சார்ஸை வேற எங்கேயாவது வச்சிருந்தா, அதுக்கு ரிலீஸ்ஸ்ட்ரிங்யூடிஎஃப்சார்ஸ்தான் ஜோடி. ஃப்ரீயும் இல்ல, "விடுவி"யும் இல்ல.

---

தறிக்காரன் · சனி, மாலை 5:10

மூணாவது கடை.

---

சுக்குக்காப்பி · ஞாயிறு, இரவு 8:33

சி முகத்தையே மாத்திட்டேன். இப்போ எல்லா ஃபங்ஷனும் பாயின்டர், நீளம்னு ரெண்டா வாங்குது. விடை எழுத பஃபரும் அதோட அளவும் கூப்பிடறவர் கொடுக்கணும். போதலைன்னா தேவையான அளவு திரும்ப வரும். பனங்கொட்டை, பழைய_டர்மினல் ஐயா வழி. குறியோட நடுவுல வெட்டாம இருக்க, போதாத பஃபர்ல ஒரு பைட்கூட எழுதறதில்லைன்னு வச்சுட்டேன். பைத்தான்ல ஒரே 4096 பைட் பஃபர். கோடி வரிக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட வேண்டி வந்தது 212 வரிக்குத்தான். ராம் 60 எம்பியைத் தாண்டல.

"விடுவி" ஒரே ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் மிச்சம் இருக்கு, எரர் செய்தி திருப்பறதுக்கு. அதுக்கு மேல தலைப்புக் கோப்புல பெருசா எழுதியிருக்கேன்: "இந்த அண்டா இந்தக் கடையோடது."

ஏட்டுச்சுவடி ஐயா, புது ஆண்ட்ராய்டுப் பதிப்பு அனுப்பியிருக்கேன், பாருங்க.

---

ஏட்டுச்சுவடி · ஞாயிறு, இரவு 9:50

முந்திரி வந்துவிட்டது. மாகாணியும். காணிக்கு மட்டும் கட்டம் வருகிறது, அது என் கைப்பேசியின் எழுத்துருவில் இல்லாததால் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.